சிவப்பு முக்கோணம்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மலர்க்குழுவில் இருக்கும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "டேய், கவிதை மட்டும் வேண்டாம்டா. ஏற்கெனவே அம்பது வந்து கிடக்கு, அதுல நாப்பது நிலாவைப் பத்தி. நீ ஏதாவது கட்டுரை எழுதிக் குடு" என்றார். எதைப் பற்றி எழுதுவது? ரோபோ பற்றி எழுதலாம், விண்வெளி பற்றி எழுதலாம். ஆனால் அவற்றையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். எனக்கு நேரில் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது பூச்சிமருந்து. என் அப்பா மருந்தடிக்கிற கூலி.

எங்கள் கரிசல்காட்டுப் பக்கம் யாரும் அதை விஷம் என்று சொல்ல மாட்டார்கள். மருந்து என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு மேலக்காட்டுக்கு மருந்தடிக்கப் போகணும்", "டேங்க்குக்கு எத்தனை மூடி மருந்து?" இப்படித்தான் பேச்சு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஊற்றுவதும் மருந்து, பருத்தியில் புழு விழுந்தால் ஊற்றுவதும் மருந்து! இந்த ஒரு சொல் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

2021 கார்த்திகை மாதம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா காட்டிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்தவர், "கண்ணு மங்கலா இருக்கு, யாரு நிக்கிறா?" என்று கேட்டார். எதிரில் நின்றது நான்தான். உடம்பெல்லாம் வியர்வை, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அம்மா, "வெயில் தாக்கிருச்சு" என்று மோர் கலக்கப் போனார். பக்கத்து வீட்டு மாமாதான் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "இது வெயில் இல்லக்கா, மருந்து ஏறிருச்சு, வண்டியை எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சார்?" என்பது. யாருக்கும் தெரியவில்லை. "பருத்திக்கு அடிக்கிற மருந்துய்யா" என்றார் அம்மா. "வெள்ளை பாட்டிலுங்க" என்றார் மாமா. டாக்டர் என்னைப் பார்த்து, "தம்பி, படிக்கிறியா? ஓடிப்போய் அந்தப் பாட்டிலை எடுத்துட்டு வா" என்றார். மாமாவின் வண்டியில் திரும்பிப் போய், வரப்போரம் கிடந்த பாட்டிலை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தேன். வழியெல்லாம் அதைப் படித்துக்கொண்டே வந்தேன். மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். கீழே ஒரு சாய்சதுரம். அதன் மேல் பாதியில் மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. கீழ்ப் பாதியில் சிவப்பு முக்கோணம்.

அட்ரோபின் ஊசி போட்டார்கள். அப்பா பிழைத்துக்கொண்டார். நான்கு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார், பத்தாவது நாள் மறுபடி மருந்தடிக்கப் போனார். போகாமல் என்ன செய்வது?

அந்தச் சிவப்பு முக்கோணம் என்ன என்பதை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். நம் நாட்டில் பூச்சிமருந்துக்கென்று தனிச் சட்டமே இருக்கிறது. அது வந்த கதை நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் உணவில் விஷம் கலந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஃபாலிடால் என்கிற பூச்சிமருந்தையும் கோதுமை மாவு போன்ற உணவுப் பொருளையும் ஒன்றாகக் கப்பலில் ஏற்றி வந்ததில், கசிந்த மருந்து மாவில் ஊறிவிட்டது. மாவு ரொட்டியாகி ஜனங்களின் வயிற்றுக்குள் போய்விட்டது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். பத்து வருடம் கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. விதிகள் 1971-இல் வந்தன.

அந்த விதிகளில்தான் முக்கோணக் கணக்கு இருக்கிறது. சோதனைச்சாலை எலிகளில் பாதி சாவதற்கு, எலியின் உடல் எடை ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து வேண்டும் என்று பார்ப்பார்கள். எல்.டி.50 என்று அதற்குப் பெயர். வாய்வழியாகக் கொடுத்து 50 மில்லிகிராமுக்குள் பாதி எலி செத்தால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. லேபிளின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்தச் சதுரம் இருக்க வேண்டும். உள்ளே வைக்கும் துண்டுப் பிரசுரம் இந்தி, ஆங்கிலம், அந்தந்தப் பகுதி மொழி என்று எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். படிக்கப் படிக்க எனக்கே ஆச்சரியம், எவ்வளவு யோசித்து எழுதியிருக்கிறார்கள்!

ஆனால் என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரசுரத்தை அவர் பார்த்ததே இல்லை, அது நிலத்துக்காரர் வீட்டில் பெட்டியோடு கிடக்கும். காட்டுக்கு வருவது பாட்டில் மட்டும்தான். லேபிளில் ஹெக்டேருக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. அவருக்குத் தெரிந்த கணக்கு டேங்க்குக்கு இரண்டு மூடி, புழு அதிகமானால் மூன்று மூடி. பச்சை முக்கோணமும் சிவப்பு முக்கோணமும் அவருக்குக் கம்பெனி முத்திரை மாதிரிதான். "சிவப்பு போட்டிருந்தா வீரியமான மருந்துன்னு அர்த்தம்டா" என்று ஒருநாள் எனக்கே சொல்லிக் கொடுத்தார்! எச்சரிக்கைக்குப் போட்ட அடையாளம் எங்கள் ஊரில் விளம்பரமாகிவிட்டது.

இதோடு விட்டிருந்தால், 'எல்லோரும் படிக்க வேண்டும், லேபிளைப் பார்த்து அடிக்க வேண்டும்' என்று எழுதி முடித்திருப்பேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது நம் வகுப்பில் நடத்திய தொழிற்சாலைப் பாதுகாப்புப் பாடம்தான்.

நினைவிருக்கிறதா? ஆபத்தைக் கட்டுப்படுத்தும் வரிசை என்று சார் கரும்பலகையில் படிக்கட்டு மாதிரி வரைந்தாரே, பரீட்சைக்கும் வந்ததே! முதல் படி, ஆபத்தான பொருளையே அப்புறப்படுத்து. முடியாவிட்டால் ஆபத்து குறைந்த வேறொன்றை வை. அதுவும் முடியாவிட்டால் மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே ஒரு தடுப்பைப் போடு. அதற்குப் பிறகுதான் விதிமுறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. எல்லாவற்றுக்கும் கடைசிப் படியில்தான் கையுறை, கண்ணாடி, முகமூடி. பிரஸ் மிஷினில் கை போகாமல் இருக்க என்ன செய்கிறோம்? 'ஜாக்கிரதையாக இரு' என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்வதில்லை. கார்டு போடுகிறோம். கை உள்ளே இருந்தால் மிஷின் இறங்காது. மனிதன் என்றால் அசருவான், தூங்கி வழிவான், வீட்டுக் கவலையில் இருப்பான். அதை ஒப்புக்கொண்டு மிஷினைத் திருத்துவதுதான் நாம் படிக்கிற படிப்பு.

பூச்சிமருந்தில் இந்தப் படிக்கட்டு தலைகீழாக இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் சொல்வது, 'கையுறை போடு, முகமூடி போடு, காற்றுக்கு எதிராக அடிக்காதே'. பங்குனி வெயிலில் முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கால் பூட்ஸ், முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு, முதுகில் பதினாறு லிட்டர் டேங்க்கைச் சுமந்து ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள், அப்புறம் பேசுவோம். வாங்கித் தருவது யார் என்பது வேறு கதை.

விதிகளில் இதற்கென்று ஓர் அத்தியாயமே இருப்பதைப் பார்த்து நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை. 37-ஆம் விதி சொல்கிறது: மருந்து தெளிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு வேலைக்குச் சேரும் முன்பே மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளைக் கையாள்பவர்களுக்கு மாதம் ஒருமுறை இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க வேண்டும். நம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே செய்தி போய்ச் சேர்ந்ததும் அதைத் துடைத்துவிடும் நொதி அது. மோனோகுரோட்டோபாஸ் மாதிரியான மருந்து அதைத்தான் முடக்குகிறது. புழுவுக்கும் அதே வேலை, மனிதனுக்கும் அதே வேலை. துடைக்க ஆளில்லாமல் செய்தி மேல் செய்தி குவிகிறது. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, கடைசியில் மூச்சுத் தசை நின்றுவிடுகிறது. அப்பாவின் கண் மங்கியது அதனால்தான்.

மாதம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை! அப்பா இருபது வருடமாக மருந்தடிக்கிறார். அன்று ஆஸ்பத்திரியில் எடுத்ததுதான் அவர் வாழ்க்கையில் எடுத்த முதல் இரத்தம். யாரைக் குற்றம் சொல்வது? நிலத்துக்காரர் கூலி கொடுத்ததோடு சரி, அவர் ஒன்றும் கம்பெனி நடத்தவில்லை. அப்பா இன்றைக்கு ஒருவர் காட்டில், நாளைக்கு இன்னொருவர் காட்டில். மாதா மாதம் இரத்தம் எடு என்று சட்டம் சொல்லும்போது, அந்தத் தொழிலாளிக்கு ஒரு முதலாளி, ஒரு வருகைப் பதிவேடு, ஒரு கேட் இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். டேங்க் கணக்கில் கூலி வாங்குகிறவன் யாருடைய ஆளும் இல்லை. அதனால் அந்த விதி அவனைத் தொடவே இல்லை.

தெளிப்பானைப் பற்றியும் நம் துறைக்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1968 சட்டத்தில் மருந்துக்குப் பதிவு உண்டு, தெளிப்பானுக்குப் பதிவு கிடையாது. மூடி வாஷர் தேய்ந்து முதுகில் ஒழுகுகிற டேங்க்கை எத்தனை பார்த்திருக்கிறேன்! நாசில் அடைத்துக்கொண்டால் வாயில் வைத்து ஊதுவார்கள், இது எல்லா ஊரிலும் நடப்பது. குழாயை முன்னால் நீட்டி அடித்துக்கொண்டே, அடித்த இடத்துக்குள்ளேயே நடந்து போகிற மாதிரிதான் அதன் அமைப்பே இருக்கிறது. இப்படி ஒரு மிஷினை நாம் புராஜெக்டில் வரைந்து கொண்டுபோனால் சார் கிழித்துப் போட்டுவிடுவார்.

2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மால் மாவட்டத்தில் நடந்தது இதுதான். அந்த வருடம் பருத்தி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேல் தூக்கி அடிக்க, அடித்த மருந்து முகத்திலேயே இறங்கியது. ஒரு மருந்து கேட்காமல் இரண்டு மூன்றைக் கலந்து அடித்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு திரும்பவில்லை. அவர்களில் கூலிக்கு அடிக்கப் போனவர்கள் பலர்.

சரி, மருந்தையே எடுத்துவிடுவது என்கிற அந்த முதல் படி என்ன ஆயிற்று? மோனோகுரோட்டோபாஸ் ஒன்றின் கதையை மட்டும் பாருங்கள். 2005-இல் மத்திய அரசு, அதைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று ஆணை போட்டது. பருத்திக்கு அடிக்கலாம்! பருத்திக்கு வாங்கிய பாட்டில் பக்கத்துப் பாத்தியில் இருக்கும் கத்தரிக்குப் போகக் கூடாது என்று பாட்டிலுக்கு யார் சொல்வது? 2013-இல் பீகாரில் சாப்ரா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மதிய உணவில் இந்த மருந்து கலந்து 23 பிள்ளைகள் இறந்தார்கள். இவ்வளவு கொடிய மருந்துகளை வளரும் நாடுகள் சந்தையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் அப்போதே சொன்னது. அதே 2013-இல் 66 மருந்துகளைப் பரிசீலிக்க அனுபம் வர்மா தலைமையில் குழு போட்டார்கள். 2018-இல் 18 மருந்துகளுக்குத் தடை ஆணை வந்தது. அதில் இது இல்லை. 2020-இல் 27 மருந்துகளைத் தடை செய்யலாம் என்று வரைவு வந்தது. அந்த 27-இல் இது இருந்தது. 2023-இல்தான் 36 எஸ்.எல்.-க்குத் தடை ஆணை வந்தது, கையிருப்பை விற்றுக்கொள்ள அவகாசத்தோடு.

2005-லிருந்து 2023. கழித்துப் பாருங்கள், பதினெட்டு வருடம். என் வயசு!

இடையில் மாநில அரசாவது தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி மாநிலம் ஒரு மருந்தை 60 நாள் வரைதான் நிறுத்தி வைக்கலாம், விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அவ்வளவுதான். பதிவை ரத்து செய்வது தில்லியின் கையில். நம் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை போட்ட செய்தி 2023 தொடக்கத்தில் வந்தது. 60 நாள்! கடைக்காரர் சரக்கை உள்ளே வைத்துவிட்டு, காலண்டரில் வட்டம் போட்டுக் காத்திருக்கலாம். பஞ்சாப் அரசும் 2022-இல் பாசுமதிக்கு அடிக்கிற பத்து மருந்துகளை 60 நாள் நிறுத்தியது. காரணம், அரிசியில் மருந்து மிச்சம் இருந்தால் வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பிவிடுவான். அது நியாயமான கவலைதான். ஆனால் சாப்பிடுகிறவனுக்கு இருக்கிற கவனிப்பில் கொஞ்சமாவது அடிக்கிறவனுக்கு இருக்கக்கூடாதா?

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. பூச்சிமருந்து ஆய்வாளர்கள் கடை கடையாகப் போய் மாதிரி எடுக்கிறார்கள். எதற்காக? மருந்து போலியா, லேபிளில் சொன்ன வீரியம் இருக்கிறதா என்று பார்க்க. போலி என்றால் பூச்சி சாகாது, விவசாயி நஷ்டப்படுவான், கேஸ் போடலாம். அசல் மருந்து, சொன்ன வீரியத்தோடு, அடிக்கிறவன் மேல் ஏறினால் அதற்குக் கேஸ் கிடையாது. 'பாதுகாப்பாகப் பயன்படுத்தவில்லை' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். 2015-இல் விதியைத் திருத்தி, மருந்துக்கடை வைக்க வேளாண்மையோ அது போன்ற படிப்போ வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். பழைய கடைக்காரர்களுக்கு அவகாசமும், பிறகு 12 வாரச் சான்றிதழ்ப் படிப்பும் கொடுத்தார்கள். இது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் டாக்டர் என்றால் கடைக்கார அண்ணாச்சிதான். "அண்ணாச்சி, புழு விழுந்துருச்சு, ஒண்ணு குடுங்க" என்றால் அவர் எடுத்துக் கொடுப்பதுதான் மருந்து. ஆனால் அவர் எவ்வளவு படித்தாலும், அலமாரியில் சிவப்பு இருந்தால் சிவப்பைத்தான் விற்பார். கேட்கிறவனும் அதைத்தான் கேட்கிறான்.

புதுச் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2008-இல் பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதா ஒன்று வந்தது, 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் இன்னொன்று வந்தது, 2021-இல் நிலைக்குழுவுக்குப் போனது. மசோதாவின் பெயரில் 'மேலாண்மை' என்று சேர்த்திருக்கிறார்கள், பெயர் நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது என் அறை நண்பன் ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். அவன் அப்பா சம்சாரி, மூன்று ஏக்கர் மானாவாரி. "உனக்கென்னடா, உங்கப்பாவுக்குக் கூலி வந்துரும். எங்கப்பாவுக்கு இருக்கிறது கடன். புழு விழுந்து காடு போச்சுன்னா வட்டியை யாரு கட்டுவா, நீயா? விலை கம்மியா, சட்டுன்னு கேக்குற மருந்தைப் புடுங்கிட்டு, விலை கூடுன மருந்தை வாங்குன்னா எங்க போவாரு?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் சொன்னது பொய்யில்லை. மோனோகுரோட்டோபாஸ் இத்தனை வருடம் அலமாரியில் இருந்ததற்கு அந்த மலிவு விலைதான் பெரிய காரணம்.

பதில் இலங்கையில் இருந்தது. அங்கே 1980-இல் பூச்சிக்கொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டு, பதிவாளர் ஒருவரை நியமித்தார்கள். அந்த நாட்டில் மருந்து குடித்துச் சாகிறவர்கள் மிக அதிகமாக இருந்தார்கள். அவர்கள் கூட்டம் போட்டுப் புத்தி சொல்வதோடு நிற்கவில்லை. 1984-இல் பாரத்தியானை நிறுத்தினார்கள். 1995-க்குள் உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பு என்று சொல்கிற கொடிய மருந்துகளை, மோனோகுரோட்டோபாஸ் உட்பட, படிப்படியாக எடுத்துவிட்டார்கள். 1998-இல் எண்டோசல்பான். 2008-லிருந்து 2011-க்குள் பாராகுவாட் என்கிற களைக்கொல்லியும் இன்னும் இரண்டும். நம் எலிக் கணக்கில் பாராகுவாட் மஞ்சள் முக்கோணம்தான், ஆனால் உள்ளே போனால் முறிக்க மருந்தே கிடையாது. 1995-க்குப் பிறகு இருபது வருடத்தில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துவிட்டது. ஒரு நிமிட வேதனையில் கைக்கு எட்டியதை எடுத்தவர்கள், அது அவ்வளவு கொடியதாக இல்லாததால் பிழைத்து, வீட்டுக்குப் போய் மறுபடி வாழ்ந்தார்கள். நண்பன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெல் விளைச்சல் குறைந்ததா? ஆராய்ந்து பார்த்தார்கள், அந்தத் தடைகளால் குறையவில்லை.

அவன் விடவில்லை. "அதே இலங்கையிலதானடா 2021-ல உரத்தையும் மருந்தையும் மொத்தமா நிறுத்தி நாடே நாறிப் போச்சு?" என்றான். உண்மைதான். அந்த வருடம் ரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே அடியில் நிறுத்தினார்கள். நெல் விழுந்தது, தேயிலை விழுந்தது, சில மாதத்திலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டும் ஒரே நாட்டில் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகிறது. 2021-இல் செய்தது ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பிடுங்கியது. அதற்கு முன்னால் செய்தது ஒவ்வொன்றாக, மிகக் கொடியதை முதலில், அதன் இடத்தில் வேறு மருந்து இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. நான் கேட்பது இரண்டாவதைத்தான். எல்லா மருந்தையும் ஒழி என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அப்பாவே என்னை அடிப்பார். சிவப்பு முக்கோணம் போட வேண்டிய அளவுக்குக் கொடியது என்று சட்டத்துக்கே தெரிந்த பொருளை, முக்கோணம் போட்டு ஏன் விற்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

விலை பற்றி நண்பன் சொன்னது மட்டும் பாக்கி இருக்கிறது. அதற்கு நான் ஒப்புக்கொள்கிறேன்: மலிவானதை எடுக்கும்போது மாற்று மருந்துக்கு அரசு மானியம் தர வேண்டும். இல்லாவிட்டால் தடை என்பது அவன் அப்பா தலையில் விழுகிற இன்னொரு செலவுதான். இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் ஆமணக்கு என்று வேளாண்துறை சொல்கிற வழிகளும் இருக்கின்றன. ஆனால் ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் காட்டுப் புழு வந்துவிடும், ஊரே சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறார்கள். அந்த விவரம் எனக்கு அவ்வளவாகப் போதாது. வேளாண்மை படிக்கிறவர்கள் யாராவது எழுதட்டும்.

எண்டோசல்பானைப் பற்றி எழுதாமல் முடித்தால் தவறு. காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள், இருபது வருடத்துக்கும் மேலாக, 2000 வரைக்கும். கீழே ஊர், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் நாடு முழுவதும் அதை நிறுத்தியது. அரசாங்கக் குழு நிறுத்தவில்லை, கோர்ட்டுக்குப் போன இளைஞர் சங்கத்தின் வழக்கு நிறுத்தியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொல்லி 2017-இல் மறுபடி உச்சநீதிமன்றமே உத்தரவு போட வேண்டியிருந்தது. சங்கம் வைத்து என்ன கிழித்தீர்கள் என்று நம்மைக் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

போன மாட்டுப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அப்பா காட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புதுப் பாட்டிலை என்னிடம் நீட்டி, "என்ன கலரு போட்டிருக்கு, பாரு" என்றார். மஞ்சள் என்றேன். "இதுக்கு ஊசி இருக்காமா?" என்றார். பெயரைப் படித்துப் பார்த்து, இருக்கிறது என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைப் பதமாக உரித்தார். உரிக்கக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதை நாலாக மடித்து, ஒரு பாலித்தீன் பையில் போட்டு, வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

"காட்டுல விழுந்து கெடந்தா யாராச்சும் எடுத்து டாக்டர்கிட்ட காட்டுவாங்கள்ல. நீதான் ஊர்ல இல்லையே" என்றார்.